வீட்டிற்கு ஐஸ்கிரீம் இயந்திரம் தேவைதானா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஐஸ்கிரீம் இயந்திரம் வாங்கலாமா என்று வினவும் குடும்பத்தாருக்குக் களப் பணியாளரும் ஆசிரியரும் கூற வேண்டிய முதல் விடை, இயந்திரத்தைப் பற்றியதன்று. அவ்வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைப் பற்றியதாகும்.

விலை குறைந்த மின்சார இயந்திரங்களிற் பெரும்பாலானவை தாமே குளிரை உண்டாக்குவன அல்ல. கிண்ணத்தின் இரட்டைச் சுவர்களுக்கிடையே ஒரு திரவம் அடைக்கப்பட்டிருக்கும். கிண்ணத்தைப் பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரி சென்டிகிரேடு குளிரில் 12 முதல் 24 மணி நேரம் வைத்து அத்திரவத்தை உறையச் செய்தல் வேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேலறை பல வீடுகளில் அக்குளிரை எட்டுவதில்லை. கிண்ணம் நுழைய இடமும் இருப்பதில்லை. இடையில் மின்சாரம் நின்றுவிடின் கலவை கூழாகவே இருந்துவிடும். பின்னர் இயந்திரத்தைப் பழித்துப் பயனில்லை.

கம்ப்ரஸர் கொண்டு தானே குளிரூட்டும் வகையும் உண்டு. அதன் விலை பன்மடங்காகும். நாள்தோறும் செய்து விற்போருக்கன்றி, ஆண்டில் நான்கைந்து விருந்துக்குச் செய்யும் குடும்பத்திற்கு அச்செலவு தகாது. அயல்நாட்டு உறவினர் அனுப்பும் இயந்திரமாயின் அடித்தகட்டைப் படித்தல் நன்று: அமெரிக்காவில் 120 வோல்ட், இந்தியாவில் 230 வோல்ட்.

விலையை ஒப்பிடுவோர் லிட்டரைக் கொண்டு ஒப்பிடுதல் பிழையாகும். கடை ஐஸ்கிரீமில் காற்று மிகுதி. லிட்டர் ஒன்று 525 கிராமுக்குக் குறையலாகாது என்பதே இந்திய உணவு விதி. பாற்கொழுப்பு 100க்கு 10 பங்கேனும் வேண்டும் என்பதும் அவ்விதியே. வீட்டில் செய்வது காற்றுக் குறைந்து கனமாக இருக்கும். பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 பங்கே ஆதலின், பாலேடு சேர்த்தாலன்றி மென்மை வாராது. தேங்காய்ப்பாலும் வரிக்கைச் சக்கையும் கொண்டு செய்வது சட்டப்படி ஐஸ்கிரீம் ஆகாது. ஆயினும் சுவையில் குறைந்ததன்று.

இக்கிராமங்களுக்கு ஏற்றது கையால் சுழற்றும் பழைய வாளியே. அமெரிக்கப் பெண்மணி நான்சி ஜான்சன் 1843இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உப்பு சேர்ந்தால் பனிக்கட்டி உருகுகிறது. ஒரு கிராம் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் உள்ளிருக்கும் கலவையினின்றே பெரும்பாலும் இழுக்கப்படுகிறது. மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு எனும் அளவில் குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 21 டிகிரி வரை இறங்கவல்லது. கலவை உறைய அத்துணைக் குளிர் வேண்டுவதில்லை. ஐந்து பங்குக்கு ஒன்று போதும். எட்டாம் வகுப்பு மாணவருக்கு உள்ளுறை வெப்பத்தை விளக்க இதனினும் இனிய சோதனை அரிது.

பொழியூர், பூவார் கரையில் மீனுக்கு இடும் பனிக்கட்டியை வாளியின் வெளிப்புறத்தில் மட்டுமே இடலாம். ஒரு துளியும் உள்ளே புகலாகாது. பாலையும் முட்டையையும் நன்கு காய்ச்சி ஆற்றிய பின்னரே உறைய வைத்தல் வேண்டும். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. மின்தடையால் உருகியதை மீண்டும் உறைய வைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் தீது.

வீட்டுக்கு ஒன்று வாங்குவதினும், பள்ளியோ குடும்பஸ்ரீ குழுவோ ஒரு வாளி வாங்கி முறைவைத்து இரவல் கொடுத்தல் சாலச் சிறந்தது. பயன்படுத்தியவர் அன்றே நன்னீரில் கழுவித் துடைத்துத் திருப்ப வேண்டும் என்பதை முன்னதாகவே கூறிவிடல் நலம். உப்புநீர் பட்ட பல்சக்கரம் விரைவில் துருவேறிவிடும்.