பேச்சை எண்ணுங்கள்

மக்களவையில் அறிமுகமான நாளிலேயே நிறைவேறி, மறுநாள் மாநிலங்களவையைக் கடந்து, 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம். பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்துவோருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம். ஆன்லைன் ரம்மிக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளை நினைத்தால் இந்தக் கடுமை தேவைதான். ஆனால், சட்டத்தின் பெயரில் முன்னால் நிற்கும் சொல் ‘ஊக்குவிப்பு’. இ-ஸ்போர்ட்ஸ், சமூக விளையாட்டு, பண விளையாட்டு என்று மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் அரசே வளர்க்கும் என்கிறார்கள். அப்படி வளர்க்கப்போகும் விளையாட்டுகளுக்குள் பெண் எப்படி இருக்கிறாள், என்ன பேசுகிறாள் என்ற கேள்வியைச் சட்டம் தொடவே இல்லை. பணத்தை எண்ணத் தெரிந்த அரசுக்கு இதை எண்ணத் தோன்றவில்லை.

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் உட்கார்ந்து இதை எழுதுவதால் எனக்கு எரிச்சல் கூடுதலாகவே வருகிறது. இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் விளையாட்டு என்று பேசப்பட்ட ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று செய்தது. அதே ஆண்டு வந்த ‘தேசி அட்டா’வும் இந்நகரத்தின் தயாரிப்பே. பக்கத்தில் ராயதுர்கத்தில், அனிமேஷன், கேமிங் துறைகளுக்கென்றே 10 ஏக்கரில் ‘இமேஜ் டவர்’ கட்ட 2017 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். திட்டமிட்ட பரப்பு 16 லட்சம் சதுர அடி. வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு முகம், ஆடை, ஆயுதம் என்று துண்டு துண்டாக வரைந்து கொடுக்கும் வேலை இந்த நகரத்தில் ஆண்டுக்கணக்காக நடக்கிறது. விளையாட்டில் வரும் பெண்ணின் உருவம் நம் மேசையில் தயாராகிறது என்றால், அவளுடைய பேச்சுக்கும் நமக்குப் பொறுப்பு உண்டு.

ஹைதராபாத் பெண் ஒருத்தி

உலகெங்கும் வீடியோ கேம் ஆடுவோர் அறிந்த ஹைதராபாத் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர் சத்யா வாஸ்வானி. களத்தில் அவள் பெயர் சிமெட்ரா. கலிஃபோர்னியாவின் பிளிசார்ட் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்ட ‘ஓவர்வாட்ச்’ விளையாட்டில் வருபவள். ஹைதராபாத்தில் கொடிய வறுமையில் கிடந்த சிறுமியின் திறமையைக் கண்டு, விஷ்கார் என்ற பெருநிறுவனம் அவளை எடுத்துச் செல்கிறது. ஒளியை வளைத்துக் கட்டடம் எழுப்பக் கற்றுக்கொடுக்கிறது. பிறகு அவள் வீடு திரும்பவே இல்லை. அவள் ஆட்டிசம் உள்ளவள் என்பதை 2017இல் நிறுவனமே உறுதிசெய்தது.

கொண்டாப்பூரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ‘லேடீஸ் ஹாஸ்டல்’ பலகை தொங்குகிறது. கரீம்நகர், கடப்பா, வேலூர், விழுப்புரம் என்று எங்கிருந்தெல்லாமோ மதிப்பெண்ணை மட்டும் நம்பி வந்து, கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்பும் பெண்கள் அங்கே வசிக்கிறார்கள். சத்யாவின் கதை இவர்களுடைய கதைதான். ஆனால் அந்தக் கதை எங்கே சொல்லப்படுகிறது? காமிக்ஸிலும் இணையத்தில் வந்த சிறுகதையிலும். ஆட்டத்துக்குள் அவளுக்குக் கிடைப்பவை தொடை தெரியும் உடையும், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே சிதறும் ஒற்றை வரிகளும். அவளை ஆண்டுக்கணக்கில் ஆடிய பையனுக்கு அவள் எந்த ஊர்க்காரி என்றுகூடத் தெரியாமல் போகலாம்.

அவளை முன்வைத்து 2016இல் ஒரு சர்ச்சை வந்தது. ‘தேவி’ என்ற பெயரில் அவளுக்கு ஒரு ஸ்கின், அதாவது மாற்று வேடம், உண்டு. தேவியின் உருவத்தை ஆட்டக்காரர்கள் ஆட்டிவைப்பது பக்தர்களைப் புண்படுத்தும், அதை நீக்குங்கள் என்றார் அமெரிக்காவில் இந்து அமைப்பு ஒன்றை நடத்தும் ராஜன் ஜெட். 2012இல் ‘ஸ்மைட்’ விளையாட்டில் காளி காட்டப்பட்ட விதத்தை எதிர்த்தவரும் அவரே. தேவியை ஆட்டிவைக்கக் கூடாது என்று பதறியவர்களுக்குச் சத்யாவை ஆட்டிவைப்பது உறுத்தவில்லை. தெய்வமானால் கோபம் வரும், பெண் மட்டும்தான் என்றால் வராது. இந்தப் பக்தியால் எந்தப் பெண்ணுக்கும் பயன் இல்லை.

மூன்றில் ஒரு பங்கு

துணியை அளந்து அளந்தே 30 ஆண்டுகளை வீணடித்துவிட்டோம். 1996இல் ‘டூம் ரெய்டர்’ லாரா கிராஃப்டில் தொடங்கிய இந்த விவாதம் அரைக்கால் சட்டையைத் தாண்டவே இல்லை. உடையை நீட்டுவது ஓவியருக்கு ஒரு பிற்பகல் வேலை. பேச்சைக் கூட்டுவதற்குக் கதையையே மாற்ற வேண்டும். உண்மையான அளவுகோல் அங்கேதான் இருக்கிறது.

அந்த அளவுகோலைக் கையில் எடுத்தவர்கள் பிரிட்டனின் கிளாஸ்கோ, கார்டிஃப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரென்னிக், ஷான் ராபர்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள். 50 ரோல்-பிளேயிங் விளையாட்டுகள், 13,000க்கும் மேற்பட்ட பாத்திரங்கள், ஏறத்தாழ 62 லட்சம் சொற்கள். ஒவ்வொரு சொல்லையும் பேசியது ஆணா பெண்ணா என்று கணக்கிட்டார்கள். 2023இல் வெளியான முடிவு: பெண்கள் பேசியது 35 சதவீதம். ஆண் இரண்டு சொல் பேசினால் பெண் ஒரு சொல் பேசுகிறாள். அந்த ஒரு சொல்லிலும் மன்னிப்புக் கேட்பதும் தயங்குவதும் அவளுக்கே அதிகம். நிலைமை மெல்ல மாறிவருகிறது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். மெல்ல என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

35 என்ற இந்த எண்ணை எப்போது பார்த்தாலும் எனக்கு நம் சினிமா நாயகிதான் நினைவுக்கு வருகிறாள். திரை முழுக்க அவள் முகம், குரல் வேறொருவருடையது. 1995இல் வந்த ‘பம்பாய்’ படத்தில் மனீஷா கொய்ராலா தமிழில் பேசியது ரோகிணியின் குரலில். 2005இல் ‘ஐயா’வில் அறிமுகமான நயன்தாரா தமிழ்ப் படத்தில் தன் சொந்தக் குரலில் பேச 2015இல் ‘நானும் ரவுடிதான்’ வரவேண்டியிருந்தது. பத்து ஆண்டுகள், எத்தனையோ வெற்றிப் படங்கள், ஊரெல்லாம் அவள் முகம். காது கேளாத பெண்ணாக நடித்த படத்தில்தான் அவள் குரலை நாம் கேட்டோம். ரோகிணியும், நயன்தாராவுக்குக் குரல் கொடுத்த தீபா வெங்கட்டும் பெரிய கலைஞர்கள். குறை அவர்களிடம் இல்லை. பெண்ணின் முகம் போதும், குரலை எங்கிருந்தாவது வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்ற தொழில் வழக்கத்தைச் சொல்கிறேன். அந்த வழக்கத்தைத்தான் வீடியோ கேம் பிறக்கும்போதே சுவீகரித்துக்கொண்டது. 1981இல் ‘டாங்கி காங்’ விளையாட்டில் மாடி உச்சியில் நின்று உதவி கேட்டவளுக்கு, முதலில் பெயர்கூட வைக்கவில்லை. அவள் வெறும் ‘லேடி’.

‘இது வெறும் விளையாட்டுதானே’ என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. வெறும் விளையாட்டுக்கு எந்த அரசும் 10 ஏக்கர் ஒதுக்காது. ‘ஆடுகிறவர்கள் ஆண்கள், அவர்களுக்குப் பிடித்ததைக் கொடுக்கிறோம்’ என்பது அடுத்த வாதம். இந்தியாவில் ஆடுவோரில் 10க்கு 4 பேர் பெண்கள் என்று இத்துறையில் முதலீடு செய்யும் லுமிகாய் நிறுவனத்தின் 2023 அறிக்கையே சொல்கிறது. ‘படைப்புச் சுதந்திரம்’ என்பது மூன்றாவது. 62 லட்சம் சொற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஆணுக்கே ஒதுக்குவதற்குப் பெயர் சுதந்திரம் அன்று, பழக்கம்.

முடியும் என்று காட்டியவர்கள்

வேறுவிதமாகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் இரண்டு விளையாட்டுகளை ஆடிப் பார்க்கட்டும். புணேவின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் ‘ராஜி’யைக் கொண்டுவந்தது. ரக்‌ஷா பந்தன் நாளில் அசுரர்கள் தம்பியைத் தூக்கிச் செல்ல, அக்கா ஆயுதம் ஏந்திப் போகிறாள். 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று தோற்ற பிறகும் விடாமல் முடித்த படைப்பு அது.

இன்னொன்று நம்முடையது. டொராண்டோவில் இருக்கும் விசாய் கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். கையில் இருப்பது அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு, பக்கங்கள் சிதைந்துபோனவை. விடுபட்ட படியை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். சண்டை இல்லை, மீட்கப்பட வேண்டிய இளவரசி இல்லை. ஒரு நடுவயதுப் பெண் தன் மொழி மகனிடமிருந்து நழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை அவளே பேசுகிறாள். 2024இல் இண்டிபெண்டெண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலைசிறந்த பரிசையும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் அது வென்றது. பெண்ணைப் பேசவிட்டால் விற்காது என்ற வாதம் அத்தோடு செத்துவிட்டது.

பத்து வயதில் கேம் ஆடத் தொடங்கி, பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு பேச்சே இயல்பு என்று பழகிய பையன்தான், இருபத்தைந்து வயதில் ஹைதராபாத்தின் மாதாப்பூர் அலுவலக மீட்டிங்கில் ஒரு பெண் வாய் திறந்ததும் குறுக்கே பேசுகிறான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலையிடங்களில் பெண்ணின் குரல் ஏன் எடுபடவில்லை என்று கேட்பவர்கள், குழந்தையின் கையில் இருக்கும் திரையிலிருந்து விசாரணையைத் தொடங்கட்டும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. மொழிபெயர்ப்புக்கும் டப்பிங்குக்கும் சப்டைட்டிலுக்கும் தேவைப்படுவதால், ஒரு விளையாட்டின் வசனம் முழுவதும் பாத்திரத்தின் பெயரோடு எழுத்துக் கோப்பாகவே ஸ்டூடியோவில் இருக்கும். பெண் பாத்திரங்களின் சொற்களை எண்ண ஒரு மணி நேரம் போதும். அரசின் மானியமோ இடமோ பதிவோ கேட்கும் ஒவ்வொரு விளையாட்டும் அந்த எண்ணிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதைப் பொதுவில் வெளியிட வேண்டும். பாதிக்குக் குறைந்தால் பொதுப்பணம் கிடையாது. புதிய சட்டத்துக்கு விதிகள் வகுக்கும் ஒன்றிய அரசு இதைச் சேர்க்கட்டும். அதுவரை தெலங்கானா அரசு காத்திருக்கத் தேவையில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியை 2017இலேயே, டெல்லிக்கு முன்பே, தடைசெய்த மாநிலம் இது. இமேஜ் டவரில் இடம் கேட்டு வரும் முதல் ஸ்டூடியோவிடமிருந்தே இந்தக் கணக்கை அது கேட்டு வாங்க வேண்டும்.