வேகம் போதாதா, வரிசை சரியில்லையா?

திருச்செங்கோட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாடியில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. கீழே அப்பாவின் செல்போன், போர்வெல் வண்டி ஓடும் வீடியோக்களை கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. டீச்சரின் முகம் திரையில் உறைந்து நிற்கிறது. கேபிள்காரரைக் கூப்பிட்டால், “பெரிய பிளானுக்கு மாறிக்கங்க” என்பார்.

மாறினாலும் தொல்லை தீராது. வெளியே அனுப்ப முடியாத டேட்டாவை ரவுட்டரோ மோடமோ தன் நினைவகத்தில் குவித்துவைக்கிறது. வைகுந்தம் சுங்கச்சாவடியில் லாரி வரிசைக்குப் பின்னால் சிக்கிய ஆம்புலன்ஸ் மாதிரி, வகுப்பின் குரல் வீடியோவுக்குப் பின்னால் நிற்கிறது.

இதற்கு 2012-லேயே வழி சொன்னார்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும். அவர்களுடைய ‘கோடெல்’ முறை, வரிசையில் டேட்டா காத்திருக்கும் நேரத்தைக் கவனித்து, தேக்கம் நீடித்தால் சிலவற்றைக் கைவிடும். அனுப்பும் கருவி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் வழிவந்த முறைகள் ரவுட்டருக்கான ‘ஓபன்டபிள்யுஆர்டி’ மென்பொருளில் இலவசம். இணைப்பின் உண்மை வேகத்தில் சுமார் 90 சதவீதத்தை உச்சவரம்பாகக் குறித்தால், வரிசை நம் ரவுட்டரின் கைக்கு வந்துவிடும்.

எந்த டேட்டா முதலில் போகும் என்ற கடிவாளம் வீட்டுக்காரர் கையில் இருக்கும்வரை சரி. இணைய நிறுவனம் பிடித்தால் கதை வேறு: அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் ‘பிட்டோரண்ட்’ கோப்புப் பகிர்வை முடக்கியது 2007-ல் அம்பலமானது. இந்தியாவில் 2018-ல் ஏற்கப்பட்ட இணையச் சமநிலைக் கொள்கை அத்தகைய பாகுபாட்டுக்கு எதிரானது.

ஆனால் இணைப்போடு தரப்படும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் வரிசையைச் சீர்செய்யும் வசதியே கிடையாது. சிலவற்றில் அட்மின் பாஸ்வேர்டுகூட வாடிக்கையாளருக்குச் சொல்லப்படுவதில்லை. பெரிய பிளானை விற்குமுன் அதையாவது கொடுக்கலாமே!