இசக்கியின் கை

1992 தீபாவளிக்கு வந்த 'தேவர் மகன்' திரைக்கதைக்கே பாடப்புத்தகம் என்கிறார்கள். இருக்கட்டும். அரிவாளைப் போட்டுவிட்டுப் படிக்கப் போகச் சொன்ன படம்தான் அது. ஆனால் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது அறிவுரையை அல்ல, பாட்டை.

கோயில் பூட்டைத் திறக்கச் சொன்னவன் சக்தி. கை போனது இசக்கிக்கு. ஒற்றைக் கையோடு வடிவேலு பேசியதற்கு அரங்கம் சிரித்தது (நானும் டிவி முன்னால் சிரித்தவன்தான்). கதை அதற்குமேல் அவனிடம் நிற்கவில்லை.

நின்றவர் மாரி செல்வராஜ். அந்த இசக்கிதான் மாமன்னன் என்று மேடையிலேயே சொன்னார். 2023இல் அதே வடிவேலு எம்எல்ஏவாக வந்தார். அப்போதும், ஆதிக்கசாதிக்காரன் முன்னால் நாற்காலியில் உட்காருவதே ஒரு முழுப் படத்துக்கான சண்டையாக இருந்தது.

பழைய படங்களையெல்லாம் மறுவெளியீடு செய்கிறார்கள். 'தேவர் மகன்' வந்தால் நானும் டிக்கெட் எடுப்பேன், இசக்கியைப் பார்க்க.