வாடிய செடிக்கெல்லாம் தாகமில்லை

காலையில் சுள்ளென்று வெயில். பிற்பகல் நான்கு மணியானால் இடி மின்னலுடன் மழை. மறுநாளும் அதே கதை. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு இடையே, ஏறத்தாழ மார்ச் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை, மலேசியாவின் மேற்குக் கரையில் நாம் காணும் வானிலை இது. இக்காலத்தில் காற்று பலமாக வீசுவதில்லை. வெயிலில் சூடேறிய தரை தன் மேலுள்ள ஈரக்காற்றையும் சூடாக்குகிறது. அக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, பெரும் மேகமாகத் திரண்டு மாலையில் கொட்டித் தீர்க்கிறது.

வீட்டு வாசலில் பூச்செடி வளர்ப்போருக்கு இது சோதனையான காலம். நேற்றுவரை பூத்துக் குலுங்கிய செம்பருத்தி தலை தொங்கி நிற்கும். ரோஜா இலைகளில் கரும்புள்ளி விழும். உடனே நாம் என்ன செய்கிறோம்? வாளியைத் தூக்குகிறோம். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று கடிகாரம் பார்த்து ஊற்றுகிறோம். அப்படியும் செடி வாடினால் இன்னொரு வாளி ஊற்றுகிறோம். இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கருத்து. மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் எந்தச் செடிக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஒரே அறிகுறி, மூன்று காரணங்கள்

செடி வாடுவதற்கு மண் காய்ந்து போவது ஒரு காரணம். இது எல்லாருக்கும் தெரியும். இதற்குத் தண்ணீர்தான் மருந்து.

இரண்டாவது காரணம் நண்பகல் வெயில். இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறுவதை நீராவிப்போக்கு என்கிறோம். உச்சி வெயிலில், வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமாகிவிடும். மண் ஈரமாகவே இருந்தாலும் இலை தொங்கும். மாலையில் வெயில் தணிந்ததும் தானே நிமிர்ந்துவிடும். இந்தச் செடிக்கு நாம் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. பொறுத்திருந்து மீண்டும் ஒருமுறை பார்த்தால் போதும்.

மூன்றாவது காரணத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனைப் பெறுகிறது. தொடர்மழையில் அந்த இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. ஆக்சிஜன் நீரில் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மூச்சுத் திணறும் வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. அந்த நேரம் பார்த்து ஃபைட்டோஃப்தோரா போன்ற நுண்ணுயிர்கள் வேரைத் தாக்குகின்றன. இவற்றின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை. இப்படிப்பட்ட செடிக்கு இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்று செடிகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேறுபாட்டைச் சொல்வது மண். சுட்டுவிரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்தால் மாலை வரை பொறுங்கள். சேறாக இருந்து, துர்நாற்றமும் வீசினால், சாடியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை சாடி மாற்றும்போது மண்ணோடு மணலும் கருக்கிய உமியும் கலந்தால் நீர் எளிதில் வடியும்.

எல்லாப் பூவும் ஒன்றல்ல

கடிகாரம் பார்த்து ஊற்றுவதில் இன்னொரு குறையும் உண்டு. எல்லாச் செடிகளையும் அது ஒரே மாதிரி நடத்துகிறது. காகிதப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பூ என்று நாம் நினைக்கும் வண்ண இதழ்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகள். அவற்றின் நடுவே உள்ள சிறிய வெள்ளைக் குழல்தான் பூ. மண் சற்றுக் காயும்போதுதான் இச்செடி நன்றாகப் பூக்கும். தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தழைக்குமே தவிர, வண்ணம் குறைந்துவிடும்.

ஆர்கிட் வேறு வகை. காட்டில் மரத்தைப் பற்றி வளரும் இனங்களின் வேரைச் சுற்றி, பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழைநீரை அது சட்டென உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அந்த வேருக்குக் காற்று வேண்டும். அதனால்தான் ஆர்கிட்டை மண்ணில் நடாமல் கரித்துண்டுகளில் வைக்கிறோம். நம் தேசிய மலரான செம்பருத்திக்கோ நல்ல வெயிலும் வேண்டும், நீரும் வேண்டும். அதன் பூ பெரும்பாலும் ஒரு நாள்தான் நிற்கும். மாலையில் சுருங்கி விழுந்த பூவைக் கண்டு, செடிக்கு நோய் என்று மருந்து வாங்க ஓட வேண்டாம்.

ரோஜாவில் கரும்புள்ளி விழுவது பூஞ்சையால். இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருந்தால்தான் அதன் வித்துகள் முளைத்து இலைக்குள் புக முடியும். மாலை மழையை நம்மால் தடுக்க முடியாது. ஆனால், மழை பெய்யாத நாளில் மாலையில் குழாயைத் திறந்து இலைகளை நனைத்து, இரவு முழுவதும் ஈரமாக வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து அகற்றுங்கள். மருந்து தெளிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

உரத்துக்கும் இதே கணக்குத்தான். நைட்ரேட் நீரில் எளிதில் கரையும். மழைக்கு முன் கை நிறைய உரமிட்டால் அதில் பெரும்பங்கு கால்வாய்க்குத்தான் போகும். சிறிதளவாக, இடைவெளி விட்டு இடுவதே நல்லது.

பெரியவர்கள் சொன்னது

“உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றாதே, நீர்த்துளி கண்ணாடி வில்லையைப் போல இலையைக் கருக்கிவிடும்” என்று வீட்டில் சொல்வார்கள். 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலைகளில் துளிகளால் தீய்ச்சல் ஏற்படவில்லை. மெழுகுத்தன்மையுள்ள மயிர்கள் துளியை இலைக்கு மேலே தாங்கிப் பிடிக்கும் சில செடிகளில் மட்டுமே அது நேர்ந்தது. அப்படியானால் பெரியவர்கள் சொன்ன பழக்கம் தவறா? இல்லை. காலையில் ஊற்றினால் ஆவியாகி வீணாவது குறையும், இலையும் பகலில் காய்ந்துவிடும். பழக்கம் சரி, அதற்குச் சொன்ன காரணம்தான் சரியில்லை. பாட்டியின் சொல்லை அப்படியே ஏற்பதும், கேட்காமலே தள்ளுவதும் அறிவியல் ஆகாது. சோதித்துப் பார்ப்பதுதான் அறிவியல்.

சாடிக்கு அடியில் இருக்கும் ஆபத்து

“ஒரு செடிதானே, செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்” என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஊற்றிய தண்ணீர் செடியோடு நிற்பதில்லை. சாடிக்கு அடியில் வைத்த தட்டில் அது தேங்குகிறது. நம் வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாடியில் இறுகிப்போன மண்ணின் மேல் நிற்கும் நீரும் ஆபத்துதான். மண்ணைக் கிளறிவிடுமாறு சிங்கப்பூரின் தேசிய சுற்றுப்புற வாரியம் மக்களுக்கு நினைவூட்டி வருவது இதனால்தான். அதே கிளறல் வேருக்கும் காற்றைக் கொடுக்கிறது. மலேசியாவில் கொசு பெருக இடம்கொடுப்பது, நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இன்படி குற்றம். அபராதம் நமக்கு, டிங்கி காய்ச்சலோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வரலாம்.

நீராவிப்போக்கையும் சுவாசத்தையும் தேர்வுத் தாளில் படம் வரைந்து விளக்கும் மாணவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களில் எத்தனை பேர் வீட்டுச் செடியிடம் அந்த அறிவைப் பயன்படுத்துகிறார்கள்? இந்த இரண்டு மாதங்கள் அதற்கு ஏற்ற காலம். ஒரே அளவிலான இரண்டு சாடிகளில் ஒரே வகைச் செடியை, ஒரே மண்ணில், ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றுக்குக் கடிகாரம் பார்த்து ஊற்றுங்கள். மற்றதற்கு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். எது தற்சார்பு மாறி, எது சார்பு மாறி, எவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மழை பெய்த நாள், மொட்டுகளின் எண்ணிக்கை, வாடிய நேரம் ஆகியவற்றை மே இறுதி வரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். இன்று மாலை மழை விட்டதும், முதல் வேலையாகச் சாடிகளைத் தூக்கி அடியில் உள்ள தட்டுகளைப் பாருங்கள்.