எதிரணிக்குப் போனவன் துரோகியா?

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ஆடும் வாலிபர்கள் மீது சில வருஷங்களாக ஒரு பெரிய குற்றச்சாட்டு சுமத்தப்படுகிறது. நேற்றுவரை ஒரு கல்லூரியின் சட்டையில் ஆடியவன் இன்று பரம எதிரியான கல்லூரியின் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்கிறானாம். விசுவாசம் செத்துவிட்டதாம். பணத்தாசை பிடித்துவிட்டதாம். பயிற்சியாளர்களும் கல்லூரித் தலைவர்களும் டெலிவிஷனில் வந்து உட்கார்ந்து ஓலமிடுகிறார்கள். வேலை செய்கிறவன் இடம் மாறினான் என்பதற்காக இத்தனை பெரிய மனிதர்கள் சேர்ந்து அழும்போது, அந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துப் பார்ப்பது நமது கடமை.

முதலில் ஒரு விளக்கம். அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தல்ல. இரு முனையும் கூரான நீளப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரே வருகிறவன் உடம்போடு உடம்பு மோதிக் கீழே சாய்ப்பான். தலையில் கவசம், தோளில் காப்பு. அப்படியும் எலும்பு முறியும், மூளை கலங்கும். இறந்த ஆட்டக்காரர்களின் குடும்பத்தார் கொடுத்த மூளைகளைப் பாஸ்டன் சர்வகலாசாலை டாக்டர்கள் பரிசோதித்து 2017-ல் அறிக்கை வெளியிட்டார்கள். கல்லூரி மட்டத்தில் ஆடியவர்கள் 53 பேரில் 48 பேருடைய மூளையில், அடி மேல் அடி விழுந்து வரும் நோய் இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், இது பொழுதுபோக்கு விளையாட்டல்ல, உடம்பைத் தேய்க்கும் வேலை என்று காட்ட அது போதும்.

வேலை என்றால் கூட்டமும் வசூலும் உண்டு. மிச்சிகன் சர்வகலாசாலை மைதானத்தில் 1,07,000-க்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். கல்லூரிகளின் சாம்பியன்ஷிப் ஆட்டங்களை ஒளிபரப்ப மட்டும் ஒரு டெலிவிஷன் கம்பெனி 2024-ல் ஆறு வருஷத்துக்கு 780 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது.

கல்லூரிக்கும் கல்லூரிக்கும் உள்ள பகை பொய்ப் பகையல்ல, ஜனங்களின் ரத்தத்தில் ஊறியது. அலபாமா மாநிலத்தில் அலபாமா அணியும் ஆபர்ன் அணியும் 1893-ல் மோதத் தொடங்கின. அந்த ஆட்டத்துக்கு 'இரும்புக் கிண்ணம்' என்று பெயர். காரணம், அது பல காலம் நடந்த பர்மிங்ஹாம் நகரம் இரும்புச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்த நகரம். உலைக்களத்தில் வெந்தவன் சனிக்கிழமை அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் மூச்சு விட்டான். அவன் தன் அணி மீது வைத்த பாசத்தை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால் ஒரு விஷயம். 1907-க்குப் பிறகு 1948 வரை, 41 வருஷம் அந்த இரண்டு கல்லூரிகளும் மோதவே இல்லை. எதற்காகத் தெரியுமா? பர்மிங்ஹாம் வரும் ஆட்டக்காரனுக்குத் தினப்படி எவ்வளவு தருவது, எத்தனை பேரை அழைத்து வருவது, நடுவர் யார் என்ற தகராறு! பையனுக்குக் கொடுக்கும் படியில் சில்லறை மிச்சம் பிடிக்கிற புத்தி கல்லூரி நிர்வாகங்களுக்கு இன்று நேற்று வந்ததல்ல.

இந்தக் கல்லூரிகளையெல்லாம் கட்டி ஆள்வது என்.சி.ஏ.ஏ. என்ற ஸ்தாபனம். 1906-ல் தோன்றியது. அதைச் சங்கம் என்று யாராவது சொன்னால் நமது சங்கம் போல் எண்ணிவிட வேண்டாம். ஆலை முதலாளிகள் சங்கம் போன்றது அது. கல்லூரிகள்தான் அங்கத்தினர்கள். ஆட்டக்காரனுக்கு உபகாரச் சம்பளத்துக்கு மேல் காசு தரக்கூடாது என்று பல பத்து வருஷங்கள் கட்டுப்பாடு வைத்திருந்தது. 1951 முதல் 1988 வரை அதன் நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ் காலத்தில் ஒரு சொல்லை உருவாக்கினார்கள்: 'மாணவ விளையாட்டு வீரர்'. கேட்க அழகாக இருக்கிறதல்லவா? அடிபட்டவன் தொழிலாளர் நஷ்டஈடு கேட்டு வந்துவிடக் கூடாது, அவன் ஊழியன் என்று கோர்ட்டு சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில் பிறந்த சொல் அது. நாம் கட்டிச் சொல்லவில்லை. பையர்ஸே ஓய்வு பெற்ற பிறகு 1995-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு ஆடிய ரே டென்னிசன் 1955-ல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மாண்டார். அவர் மனைவி நஷ்டஈடு கேட்டார். 1957-ல் அந்த மாநிலத்தின் சூப்ரீம் கோர்ட்டு, கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை, ஆகவே அவருக்கு எதுவும் கிடையாது என்று கைவிரித்தது. விதவை வெறுங்கையோடு திரும்பினார்.

இப்போது இடம் மாறும் விஷயத்துக்கு வருவோம். ஒரு மில்லில் நூல் நூற்கிறவன் அடுத்த மில்லில் வேலைக்குச் சேர்ந்தால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும் என்று முதலாளிகள் கூடிப் பேசி விதி போட்டால் நாம் என்ன சொல்வோம்? ஒரு பண்ணையில் நாற்று நட்டவன் எதிர்ப் பண்ணைக்குப் போனால் ஒரு போகம் பட்டினி கிடக்க வேண்டும் என்று மிராசுதார்கள் கட்டு வைத்தால்? கல்லூரிக் கால்பந்தில் அப்படிப்பட்ட விதிதான் இருந்தது. மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். ஒரே போட்டிக் கூட்டணிக்குள் இருக்கும் எதிர்க் கல்லூரிக்கு மாறினாலோ தண்டனை இன்னும் கடுமை.

பேக்கர் மேஃபீல்டின் கதையைப் பாருங்கள். 2013-ல் டெக்சாஸ் டெக் கல்லூரிக்கு ஆடினார். உபகாரச் சம்பளம் கிடையாது. அங்கிருந்து அதே கூட்டணியைச் சேர்ந்த ஒக்லஹோமா சர்வகலாசாலைக்குப் போனார். 2014 முழுதும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதோடு விடவில்லை, கல்லூரியில் ஆட அவருக்கு இருந்த வருஷக் கணக்கிலும் ஒன்றைக் கழித்துவிட்டார்கள். சம்பளம் கொடுக்காதவன் எந்த உரிமையில் வேலையாளைக் கட்டிப்போடுகிறான்? கூச்சல் கிளம்பியபின் 2016-ல் விதியைத் திருத்தி அந்த வருஷத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2017-ல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குத்தான் கிடைத்தது. கழித்த வருஷம் கழித்தபடியே நின்றிருந்தால் அந்த ஆட்டத்தை யாரும் பார்த்திருக்க முடியாது.

இந்தக் கட்டு ஒரே நாளில் அறுபடவில்லை. மாற விரும்புகிறவன் பெயரைப் பதிவு செய்யும் 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' 2018 அக்டோபரில் வந்தது. 2021-ல் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்றார்கள். அதே வருஷம் ஜூனில் அமெரிக்க சூப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஏகமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 1 முதல் ஆட்டக்காரன் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு வாங்க வழி பிறந்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கோர்ட்டு தடையுத்தரவு போட்டபின், 2024 ஏப்ரலில், பாடத்தில் தகுதியுள்ளவன் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. ட்ரெவர் எட்டியென் என்பவர் 2023-ல் ஃப்ளோரிடாவுக்கு ஆடினார். 2024-ல் வருஷந்தோறும் ஃப்ளோரிடாவோடு மோதும் ஜார்ஜியாவுக்கு ஆடினார். வானம் இடிந்து விழவில்லை.

விசுவாசம் பற்றி உபதேசம் செய்கிறவர்கள் தங்கள் விசுவாசத்தைக் காட்டட்டும். லேன் கிஃபின் மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்சியாளர். 2025-ல் அவர் அணி சாம்பியன்ஷிப் சுற்றுக்குப் போகும் நிலையில் இருந்தது. நவம்பர் 30-ந் தேதி, அந்தச் சுற்று தொடங்குவதற்கு முன்னாலேயே, பழைய எதிரியான லூசியானா ஸ்டேட் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார். அவரை ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வைக்க எந்த விதியும் இல்லை. டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரி 2023-ல் தன் பயிற்சியாளரை வேண்டாம் என்று அனுப்பியது. வேலை செய்யாமல் வீட்டில் இருப்பதற்காக அவருக்கு ஏழரைக் கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. ஆட்டக்காரன் போர்ட்டலில் பெயர் கொடுக்க 2026-ல் பொதுவாக வைத்த காலக்கெடு ஜனவரி 2 முதல் 16 வரை. பயிற்சியாளருக்குக் கதவு வருஷம் முழுவதும் திறந்திருக்கும். வேலையாளுக்கோ பதினைந்து நாள்!

கல்லூரிகள் மட்டும் என்ன? டெலிவிஷன் பணம் எங்கே அதிகமோ அங்கே அவையும் ஓடின. 2024-ல் டெக்சாஸும் ஒக்லஹோமாவும் பழைய கூட்டணியை உதறிவிட்டு வேறு கூட்டணிக்குப் போயின. மேற்குக் கரையில் 12 கல்லூரிகள் இருந்த ஒரு பழைய கூட்டணியில் 10 வெளியேறி 2 மட்டும் மிஞ்சின. ஆரெகனும் ஆரெகன் ஸ்டேட்டும் 1894-லிருந்து மோதிய அண்டை வீட்டு எதிரிகள். ஒன்று பணக்காரக் கூட்டணிக்குப் போயிற்று, மற்றது நடுத்தெருவில் நின்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிப் பையன்கள் இப்போது நியூஜெர்ஸி கல்லூரியின் கூட்டணியில் இருக்கிறார்கள். இடையில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். இதைச் செய்தவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. தொலைநோக்கு என்றார்கள்.

2024 டிசம்பரில் விஸ்கான்ஸின் கல்லூரியின் ஓர் ஆட்டக்காரன் போர்ட்டலில் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்டான். கல்லூரி மறுத்தது. அவன் கல்லூரியை விட்டே விலகி மயாமியில் மாணவனாகச் சேர்ந்துகொண்டான். 2025 ஜூனில் விஸ்கான்ஸின், மயாமி மீது வழக்குத் தொடுத்தது: எங்கள் ஆளைக் கலைத்தாய் என்று. 'எங்கள் ஆள்' என்ற பேச்சை நமது கிராமங்களில் கேட்காதவர்கள் யார்?

ஆனால் இந்தப் போர்ட்டல் ஏதோ சுவர்க்க வாசல் என்று நாம் சொல்ல வரவில்லை. பெயர் கொடுத்தவர் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. பழைய கல்லூரி உபகாரச் சம்பளத்தை நிறுத்தினால் பையன் இரண்டுங்கெட்டானாக நிற்பான். கல்லூரி மாறி மாறிப் படிப்பு அரைகுறையாகப் போவதும் உண்டு. கொலராடோவுக்கு 2022 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளராக வந்த டியோன் சாண்டர்ஸ் முதல் கூட்டத்திலேயே ஆட்டக்காரர்களை வெளியே போகத் தூண்டினார். சில மாதங்களில் 50-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். புது மேனேஜர் வந்ததும் பழைய ஆட்களைக் கழிப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஆட்குறைப்பு. அங்கே அதற்கும் பெயர் மாறுதல்தான். பையனாகப் போனால் துரோகம், நிர்வாகம் துரத்தினால் அணிச் சீரமைப்பு!

கூலி விஷயத்திலும் இதே கதை. 2025 ஜூனில் ஒரு வழக்கு சமரசமாக முடிந்து, கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் தரலாம் என்று ஆயிற்று. பழைய பாக்கியாக ஏறக்குறைய 280 கோடி டாலரைப் பத்து வருஷத்தில் தர வேண்டும். பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் 2025-26-ல் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தரக்கூடியது 2 கோடியே 5 லட்சம் டாலருக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு. அந்த வரம்பை நிர்ணயித்தபோது ஆட்டக்காரரின் சங்கம் எதிரே உட்கார்ந்திருந்ததா? இல்லை, அப்படி ஒரு சங்கம் அங்கீகரிக்கப்படவே இல்லை. தொழில்முறைக் கால்பந்தில் உச்சவரம்பு உண்டு என்றால், அங்கே சங்கம் பேரம் பேசிக் கையெழுத்துப் போட்டது. கல்லூரியில் கூலிக்கு வரம்பு மட்டும் வந்தது, பேரம் வரவில்லை. அதனால்தான் ஒவ்வொருவனும் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரணி வாசலில் நிற்கிறான். கேட்க வேறு வழி இல்லாதவன் காலால் கேட்கிறான். ஒருவன் போவதால் அவன் கூலி உயரலாம். பெஞ்சில் இருக்கும் ஐம்பதாவது ஆளின் வைத்தியச் செலவுக்கும், பயிற்சி நேரத்துக்கும் அது ஒன்றும் செய்யாது.

சேர்ந்து கேட்டவர்களும் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 13-க்கு 2 என்ற வோட்டில் தொழிற்சங்கத்தில் சேரத் தீர்மானித்தார்கள். கல்லூரி பேச மறுத்தது. சர்க்கார் மாறப்போகிற நேரத்தில், தொழிலாளர் போர்டு பாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடும் என்ற நிலையில், அந்த வருஷக் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2025-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கு வந்த ஒரு மசோதாவில், கல்லூரி ஆட்டக்காரன் ஊழியன் ஆகமாட்டான் என்றே ஒரு ஷரத்து எழுதி வைத்தார்கள்.

கால்பந்து ஆட்டக்காரர்கள் பத்து வருஷம் முந்தியே இதைத் தொடங்கிவிட்டார்கள். 2014-ல் சிகாகோ பக்கத்திலுள்ள நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் ஆட்டக்காரர்கள், அணித்தலைவராக இருந்த கெயின் கோல்டர் முன்னிற்க, உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு மனுச் செய்தார்கள். சீசனில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் இவர்கள் உழைக்கிறார்கள், இவர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் போர்டின் பிராந்திய அதிகாரி மார்ச்சில் சொன்னார். ஏப்ரல் 25-ந் தேதி ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்று ரகசிய வோட்டுப் போட்டார்கள். சர்வகலாசாலை அப்பீல் செய்தது. பெட்டிக்கு முத்திரை வைத்தார்கள். 2015 ஆகஸ்டில் போர்டு, இந்த விவகாரத்தில் தலையிடப் போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. அந்த வோட்டுகளை யாரும் எண்ணவே இல்லை.