பெஞ்சில் யாரும் இல்லாத அணி!

வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர். உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பாதி முடிந்து, வீரர்கள் ஓய்வெடுக்கப் போகிறார்கள். அப்போது இன்னொரு அணி உள்ளே வருகிறது. தலையில் இறகு வைத்த தொப்பி, கையில் டிரம்பெட், கிளாரினெட், தோளில் மாட்டிய டிரம். நூறு பிள்ளைகள் வாசித்துக்கொண்டே நடக்கிறார்கள். வட்டமாகிறார்கள், அம்பாகிறார்கள், கலைந்து மறுபடி சேர்கிறார்கள். ஏழெட்டு நிமிடம்தான். கைதட்டல். முடிந்தது.

இந்த ஏழெட்டு நிமிடத்துக்காகப் பள்ளியின் பேண்ட் மாஸ்டர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இசை சொல்லிக் கொடுப்பது அதில் ஒரு பங்குதான்.

ஓட்டை விழுந்தால் தெரியும்!

ஃபுட்பால் அணியில் ஒருவருக்கு அடிபட்டால், பெஞ்சில் இருப்பவர் உள்ளே இறங்குவார். பேண்டில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. எந்தத் தாளத்தில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. 5 கஜத்தை 8 காலடியில் கடக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதாவது ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். உயரமான பையனும் குட்டையான பெண்ணும் ஒரே அளவில்தான் கால் வைக்க வேண்டும், அதுவும் வாசித்துக்கொண்டே.

ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் வட்டத்தில் ஒரு ஓட்டை. கேலரியில் இருப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். நடுவில் ஒருவர் குழுவை விட்டு விலகினால் வரைபடத்தையே திருத்தி, சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்குப் புது இடம் பழக்க வேண்டும். அதனால், சேர்ந்த பிள்ளைகளை நழுவ விடாமல் வைத்திருப்பதுதான் பேண்ட் மாஸ்டரின் முதல் கவலை.

பிள்ளைகள் ஏன் நழுவுகிறார்கள்?

முதல் காரணம், பணம். சீருடை, பஸ், பயிற்சி முகாம், கூடுதல் பயிற்சியாளர்கள் என எல்லாவற்றுக்கும் செலவு. பள்ளி தரும் தொகை பல இடங்களில் போதாது. மீதி, பெற்றோர் தலையில் கட்டணமாக விழுகிறது. சில நூறு டாலரில் தொடங்கி, ஆயிரத்தைத் தாண்டும் பள்ளிகளும் உண்டு. தோளைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் சூசஃபோன் என்ற பெரிய பித்தளை வாத்தியம் ஒன்றே பல ஆயிரம் டாலர். அதை எந்தக் குடும்பமும் வாங்க முடியாது, பள்ளிதான் வாங்கியாக வேண்டும். இதற்காகவே ‘பூஸ்டர்ஸ்’ என்று பெற்றோர் சங்கங்கள் இயங்குகின்றன. கார் கழுவுகிறார்கள், மைதானத்தில் தின்பண்டக் கடை போடுகிறார்கள், வீடு வீடாகப் போய் சாக்லேட் விற்கிறார்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை அதை வெளியே சொல்லாது. பேசாமல் நின்றுவிடும். அதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்தான் நல்ல பேண்ட் மாஸ்டர்.

அடுத்தது வெயில். பள்ளி திறக்கும் முன்பே, கோடை விடுமுறையிலேயே முகாம் தொடங்கிவிடுகிறது. பித்தளை சூசஃபோன் சுமார் 15 கிலோ. அதைச் சுமந்துகொண்டு சுடும் தரையில் மணிக்கணக்கில் நடப்பதற்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பலரும் இதை ‘வெறும் பாட்டு கிளாஸ்’ என்றே நினைப்பதால், விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் நிழலும் தண்ணீரும் மருத்துவ கவனிப்பும் பேண்ட் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நேரம். வெள்ளி இரவு ஆட்டம், சனிக்கிழமை போட்டி, நடுவில் பரீட்சை, பகுதிநேர வேலை. அம்மா இரவு வேலைக்குப் போகிறார் என்றால், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது.

வேர் எங்கே இருக்கிறது?

கிளாரினெட்டைப் பிடிக்கவே தெரியாத பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் வந்து நின்றால், உடனே மைதானத்தில் இறக்க முடியாது. அங்கே பெரும்பாலும் பத்து, பதினோரு வயதிலேயே வாத்தியம் எடுக்கிறார்கள். நடுநிலைப் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை பறிபோனால், நான்கைந்து ஆண்டு கழித்து உயர்நிலைப் பள்ளி பேண்டில் ஆள் இருக்காது.

நியூ ஆர்லியன்ஸ் நகரம் இதை நேரில் பார்த்தது. மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் பள்ளி பேண்டுகள் இல்லாமல் அந்த ஊருக்குத் திருவிழாவே இல்லை. 2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா புயல் வந்தது. நகரின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. பள்ளிகளில் வாத்தியங்கள் நாசமாயின. பிள்ளைகள் பல மாநிலங்களுக்குச் சிதறிப் போனார்கள்.

2006 தொடக்கத்தில், திரும்பி வந்த பிள்ளைகளை வைத்து மூன்று கத்தோலிக்கப் பள்ளிகள் ஒன்றாக இயங்கின. செயின்ட் மேரிஸ், செயின்ட் அகஸ்டின், சேவியர் பிரெப். முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘மேக்ஸ்’ என்று பெயர். செயின்ட் அகஸ்டின் ஆண்கள் பள்ளி, மற்ற இரண்டும் பெண்கள் பள்ளிகள். தனித்தனியாக நின்றால் எந்தப் பள்ளிக்கும் முழு பேண்ட் தேறாது. மூன்றும் சேர்ந்து ஒரே பேண்டாக, அந்த ஆண்டு மார்டி கிராவில் நடந்தன.

அடுத்த ஆண்டு, ‘ரீபர்த் பிராஸ் பேண்ட்’ குழுவின் டிரம் கலைஞர் டெரிக் டாப், ‘தி ரூட்ஸ் ஆஃப் மியூசிக்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இலவச இசைப் பயிற்சி. கூடவே டியூஷன், சூடான சாப்பாடு, வந்துபோக பஸ். பிள்ளைகள் ஏன் நழுவுகிறார்கள் என்று தெரிந்தவரின் ஏற்பாடு அது.

அடுத்த முறை இப்படி ஒரு பேண்ட் வீடியோ உங்கள் போனில் வந்தால், முன்னால் கோல் சுழற்றுபவரோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி வரிசையில் பெரிய வாத்தியத்தைச் சுமந்து வரும் பிள்ளையையும் பாருங்கள். அந்த இடம் காலியாகிவிடக் கூடாது என்று யாரோ ஒருவர் ஆண்டு முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறார்.