யாருமில்லாத சடக்கு என்று ஒன்று இல்லை

நம் இளம் எழுத்தாளர்கள் நடுவே இப்போது சைக்கிள் பயணக் கட்டுரை ஒரு மோஸ்தர். நானும் சைக்கிள் ஓட்டுகிறவன்தான். ஈப்போவில் கிளம்பி பத்து காஜா, சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவேன். அதனால் இந்தக் கட்டுரைகளை ஆசையோடுதான் திறக்கிறேன். இரண்டாம் பத்தியிலேயே அந்த வரி வந்துவிடுகிறது: கார் இல்லை, லாரி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை, செம்பனைகளுக்கு நடுவே மௌனம் மட்டும். அடுத்து ஒரு பெருமூச்சு. பிரான்ஸ் நாட்டுக் கிராமப்புறத்தில் ஓட்டுவது போலவே இருக்கிறதாம்.

இந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

பிரான்ஸையே முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே பர்கண்டி வட்டாரத்தில் ஜிவ்ரி என்ற ஊருக்கும் க்ளூனி என்ற ஊருக்கும் நடுவே, கைவிடப்பட்ட இரயில் தடத்தை 1997இல் சைக்கிளுக்கும் நடைக்குமான பாதையாக மாற்றினார்கள். ‘பச்சைப் பாதை’ என்று அவர்கள் சொல்வதில் அது முன்னோடி. இன்று நாடெங்கும் அப்படிப்பட்ட பாதைகள் இருக்கின்றன. லுவார் ஆற்றை ஒட்டி மட்டும் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகலாம். அந்த அமைதியும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. கிராமத்து இளைஞர்கள் போரில் செத்தார்கள், மிஞ்சியவர்கள் நகரத்துக்குப் பிழைக்கப் போனார்கள், இரயில் நின்றது, பிறகுதான் அமைதி வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே கிராமத்துக்குள் நுழையும்போது பெயர்ப்பலகை இருக்கும். நடுவில் ஒரு கல் நிற்கும். 1914 முதல் 1918 வரை அந்த ஊரில் செத்தவர்களின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கும். பாதை பொதுச்சொத்து. நின்று படிக்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

பேராக்கில் நீங்கள் ‘பிரான்ஸ் மாதிரி’ என்று சொன்ன சடக்கு ஒரு கம்பெனியின் சடக்கு. அதில் பெயர்ப்பலகை கிடையாது, கல்லும் கிடையாது. கேட் மட்டும் இருக்கும்.

நீங்கள் மிதித்துப் போகும் சக்கரத்தின் கதையும் இதே ஊரில்தான் தொடங்குகிறது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த இரப்பர்க் கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார் ஹியூ லோ. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் வேலி போட்டு அங்கே நிற்கிறது. நட்டபோது அது பெரிய விஷயமே இல்லை. துரைமார்களின் கவனம் காப்பியிலும் கரும்பிலும் இருந்தது. 1888இல் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1891இல் பிரான்ஸின் மிஷ்லென் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள். உலகம் இரப்பருக்கு அலைய ஆரம்பித்தது. சைக்கிள் மூட்டிய அந்தப் பசியைக் கார் பத்து மடங்காக்கியது. அந்தப் பசிக்காகத்தான் காடு வெட்டினார்கள், கங்காணியைத் தமிழ்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார்கள், 1907இல் தமிழர் குடியேற்ற நிதியை உண்டாக்கிக் கப்பல் கப்பலாக ஆள் இறக்கினார்கள். 1938இல் இந்திய அரசு தடைபோடும்வரை அது நடந்தது. பச்சையாகச் சொன்னால், நாம் இங்கே வந்ததே ஒரு சக்கரத்துக்காக. அந்தச் சக்கரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு ‘இங்கே யாருமில்லை’ என்று எழுதினால் எப்படி?

இன்னொரு தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்ட முதலாளி சிலாங்கூரில் இரப்பர் போட்டார், இந்த நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக்கியவர்களில் முதல்வரும் அவர்தான். பிறகு ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கினார். நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் மையத்தில் இருப்பவை வெள்ளைக்காரனின் தனிமையும் தியானமும். அவன் தோட்டத்தைச் சுமந்த தமிழர்கள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறார்கள். அவர் பிறந்த பார்பெஸியேவில் இன்று ஒரு பழைய இரயில் தடம் சைக்கிள் பாதையாக ஓடுகிறது. அங்கே போய் ஓட்ட உங்களுக்கு ஆசை இருந்தால் போங்கள், நானும் வருகிறேன். ஆனால் துரையின் கண்ணைக் கடன் வாங்கி நம் தாத்தாவின் தோட்டத்தைப் பார்க்காதீர்கள்.

இந்த மௌனம் எப்படி வந்தது? இரப்பர்த் தோட்டம் மௌனமாக இருந்ததே இல்லை. இருட்டில் பெரட்டு, பேர் கூப்பிடுவது, வாளிச் சத்தம், மங்குச் சத்தம், ஆயக்கொட்டகையில் பிள்ளைகளின் அழுகை. பால்மரத்துக்குத் தினமும் ஆள் வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400, 500 மரம் என்று வெட்டு இருக்கும். செம்பனைக்கு அப்படியில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். மரம் மாறியபோது ஆள் தேவைப்படவில்லை. லயம் இடிந்தது, பள்ளி வேறு ஊருக்குப் போனது, குடும்பங்கள் பட்டணத்து ஓரத்து மலிவு வீடுகளுக்குப் போயின. நீங்கள் ரசிக்கிற மௌனம் ஆட்குறைப்பின் மௌனம்.

அதற்கு முன்பும் இந்தச் சடக்குகள் சும்மா கிடக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளிலேயே இந்த மாநிலத்தைக் கடந்து கம்பார் வரை வந்து சண்டை போட்டார்கள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி, ஊரடங்கு, வாசலில் சோற்றுச் சோதனை. அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளிகளிடமே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். இத்தனையும் நடந்த மண்ணில் நின்று ‘இயற்கையின் அமைதி’ என்கிறோம். என்ன இயற்கை? கோடு பிடித்து நட்ட ஒற்றைப் பயிர்.

பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் போயிருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் செத்துப்போக, பாதியில் நின்ற வீடு. அதற்குப் பலகை உண்டு, கார் நிறுத்துமிடம் உண்டு, டிக்கெட் உண்டு. அவர் குடியிருக்காத மாளிகைக்கே இத்தனை மரியாதை. மூன்று தலைமுறை குடியிருந்த லயத்துக்கு ஒரு பலகையாவது உண்டா?

‘ஆள் நடமாட்டம் இல்லை’ என்பது பொய்யும்கூட. சென்ற மாதம் போன ஒரு தோட்டத்தில் ஒரு மணி நேரத்தில் ஏழு பேரைப் பார்த்தேன். ஒரு வங்காளதேசத்துப் பையன் பழைய சைக்கிளில் அரிவாள் கட்டிய நீளக் கம்போடு போனான். இரண்டு இந்தோனேசியப் பெண்கள் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு நேப்பாளிகள் உரமூட்டைமேல் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். நம் கட்டுரைகளில் இவர்கள் வருவதே இல்லை, ஏனென்றால் காரில் வருகிறவன்தான் ‘போக்குவரத்து’. ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் எழுதிய பயணக் குறிப்பில் நம் பாட்டனும் இப்படித்தான் காணாமல் போனான். இப்போது அதை நாமே இன்னொருவனுக்குச் செய்கிறோம், அதுவும் நல்ல தமிழில்.

தோட்டத்தை நினைத்து அழுகிற நம்முடைய இன்னொரு இலக்கியத்தையும் நான் விடப்போவதில்லை. ‘அந்தக் காலத்துத் தோட்டம் போச்சே’ என்று கண்ணீர் விடும் கதைகளில் லயம் இருக்கும், திருவிழா இருக்கும், கள்ளுக்கடை இருக்கும். இன்று அந்த இடத்துக்குப் போக வழி இருக்கிறதா என்ற கேள்வி இருக்காது. பயணக் கட்டுரை ஆளைத் துடைக்கிறது, ஏக்கக் கதை இன்றைய நாளைத் துடைக்கிறது.

வழிதான் இங்கே விஷயம். லயம் போனாலும் கோயிலும் இடுகாடும் பல இடங்களில் உள்ளேயே நிற்கின்றன. ஒரு கேட்டில் காவலாளி என்னை நிறுத்தி “தா போலே மாசோக்” என்றார். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை நஷ்டம், அவ்வளவுதான். எனக்குப் பின்னால் ஒரு பாட்டி, பேரனின் மோட்டார் சைக்கிளில் பூவும் ஊதுபத்தியுமாக நின்றார். அவருக்கும் அதே பதில்தான். “எங்கம்மா படுத்திருக்கிற எடத்துக்குப் போவ நான் யாருகிட்ட தம்பி பெர்மிட் கேக்கணும்?” என்றார். காவலாளியும் பாவம், தலையைக் குனிந்துகொண்டார். அவர் சம்பளத்துக்கு நிற்கிறார்.

குலைத் திருட்டு நடக்கிறது, அதனால்தான் கேட் என்பார்கள். திருட்டு நடப்பது உண்மை. பூட்டைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. இருபது கிலோ குலையைத் திருடுகிறவன் லாரியிலோ வேனிலோ வருவான். கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆளும் ஒரு சைக்கிளும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் லாரி நுழைந்துவிடாது. கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் போகும் சடக்கைப் பொதுவழி என்று பதிவு செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை. வயதானவர்கள் போய்விட்டால் எந்தச் சடக்கு எங்கே போகிறது என்று சொல்லக்கூட ஆளிருக்காது. அப்புறம் கேட்க எதுவும் மிச்சமிருக்காது.

பழைய இரயில் தடமும் நம்மிடம் இருக்கிறது. இந்த நாட்டின் முதல் இரயில் 1885 ஜூன் 1இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர். இன்று அந்த ஊர் கோல செப்பெத்தாங். தண்டவாளம் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. நான்கு எழுத்துகளில் ஊர்ப்பெயர். அதில் ஒன்று தமிழ். தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்குப் போன தடமும் இப்படித்தான் நின்றுபோனது. பிரான்ஸைப் பார்த்து ஏங்குகிறவர்கள் ஏங்க வேண்டியது இதற்கு: செத்த தடத்தைப் பொதுப் பாதையாக்கும் புத்திக்கு.

“சும்மா காத்து வாங்கப் போனேன், அதுக்கும் வரலாறு படிக்கணுமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். காற்று வாங்க வேண்டாம், தாராளமாக வாங்குங்கள். எழுத உட்காரும்போது மட்டும் நாலு விஷயம் சேர்த்து எழுதுங்கள். தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்ன, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் என்ன? சடக்கில் யாரைப் பார்த்தீர்கள்? கோயில் எந்தப் பக்கம் இருக்கிறது? கேட் பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா?

இந்த நாலும் நூறு கட்டுரைகளில் சேர்ந்தால் அது ஒரு வரைபடம். நில அலுவலகத்தில் மேசைமேல் விரித்துக் காட்டக்கூடிய வரைபடம். அதற்காகக் கிளம்புகிறவர்கள் சொல்லுங்கள். டியூபும் பம்பும் நான் கொண்டுவருகிறேன்.